ஐந்தாவது ஆளுக்கு இடம் இல்லை

1

அணா போய் நயா பைசா வந்த புதிது. தாயில்பட்டிப் பக்கம் நான் வேலை பார்த்த வெடிக் கம்பெனியில் மேஸ்திரி வேலைக்குப் பரீட்சை வைத்தார்கள். முதல் கேள்வியிலேயே நான் தோற்றேன்.

அதுவரை மேஸ்திரி என்றால் ஆம்பிளைதான். வெடிமருந்து அறையில் யார் எங்கே உட்கார வேண்டும், எதற்குப் பக்கத்தில் எது இருக்கக் கூடாது என்று பார்ப்பது அந்த வேலை. மூன்று ஆம்பிளைகளோடு நானும் பேர் கொடுத்தேன். மானேஜர் சிரித்தார்.

"கையெழுத்துப் போடவே உனக்கு அரை நாளாகும். நீ மேஸ்திரியா?"

"மருந்து அறையில உக்காந்து என்னத்தய்யா எழுதப் போறோம்?" என்றேன்.

முதலாளி காதில் அது விழுந்தது. கம்பெனியின் லைசென்ஸ் காரியம் பார்க்கும் விருதுநகர் வக்கீலை வரவழைத்து, எல்லாருக்கும் வாய்ப் பரீட்சை என்று சொல்லிவிட்டார்.

வக்கீல் என்னிடம் கேட்டார்: "ஒரு வரிசையில நாலு பேர். செல்லம்மா, பேச்சி, காளியம்மா, மாரியம்மா. செல்லம்மா ஓரத்துல இருக்கணும். காளியம்மாவும் மாரியம்மாவும் பக்கத்துல பக்கத்துல இருக்கக் கூடாது. எப்படி உக்கார வைப்ப?"

"பேரப் பாத்தா அவுக ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கேய்யா. பிரிச்சு வச்சா வேலை ஓடாதே. சேத்தே உக்கார வைப்பேன்."

"அக்கா தங்கச்சின்னு நான் சொன்னனா? சொல்லாதத நீ எங்கேருந்து எடுத்த?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்த ஆம்பிளைகளும் தேறவில்லை. அடுத்த மாதம் திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டு வக்கீல் போனார். அவர் கேட்டது சரியான கேள்வி. எனக்குக் கோபம் என் மேல்தான்.

2

என்னோடு ஒரே அறையில் வேலை பார்த்த ராசாத்தி அடுத்த வீடு. வேலை விட்டு வந்ததும் அவளை அடுப்படியில் உட்கார வைத்துக் கேள்வி போடச் சொல்வேன். வெங்காயம், புளி, மிளகாய், உப்புக்கல். அவைதான் எங்களுக்கு ஆட்கள்.

"மதினி, மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் ஆகாது. உப்பு நடுவுலதான் இருப்பேன்னு அடம் பிடிக்கி. வைங்க பாப்போம்."

வைத்து வைத்துப் பார்த்ததில் இரண்டு விஷயம் பிடிபட்டது. சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் மனசில் இருப்பதைச் சேர்க்கக் கூடாது. பிறகு, போக்கிடம் குறைந்தது எதுவோ அதை முதலில் வைக்க வேண்டும். எங்கேயும் உட்காரக் கூடியதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் அவள் போட்ட கேள்வி எப்படி வைத்தாலும் வரவில்லை. உலை கொதித்துப் பொங்கி வழிந்தது. மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "வராதுடி. நீ சொன்ன மூணும் ஒண்ணா நிக்காது."

"தெரியும் மதினி. எம்புட்டு நேரம் முழிக்கீகன்னு பாக்கத்தான் போட்டேன்," என்று சிரித்தாள்.

அவளைத் திட்டினேன். ஆனால் அவள் விளையாட்டுக்குச் செய்ததுதான் எனக்கு உதவியது.

மறுமாதம் வக்கீல் பழைய கேள்வியையே கேட்டார். ஒன்று மட்டும் கூட்டினார்: பேச்சி, செல்லம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆம்பிளைகள் மூவரும் ஆளுக்கொரு வரிசை சொன்னார்கள். நான், "வராதுங்கய்யா," என்றேன்.

மானேஜர் குறுக்கே விழுந்தார். "தெரியலேன்னு சொல்லு."

"தெரிஞ்சுதான் சொல்றேன். செல்லம்மா ஓரத்துல, பேச்சி அவ பக்கத்துல. மிச்சம் ஒட்டுனாப்புல ரெண்டு எடந்தான். அதுல காளியம்மாவும் மாரியம்மாவும் ஒட்டித்தான் உக்காரணும். ஒட்டக் கூடாதுன்னு நீங்களே சொல்லிட்டீக."

வக்கீல் முதலாளியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மருந்து அறைச் சாவி என் கைக்கு வந்தது.

3

அந்த வருஷம் தீபாவளி சீசனில் மானேஜர் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தார்.

"லோடு நிக்குது. இவளையும் உள்ள உக்கார வை."

"லைசென்ஸுல ஒரு அறைக்கு நாலு பேருதான். நாலு பேரும் இருக்காக."

"எப்படியாவது சமாளி. அதுக்குத்தான உன்ன மேஸ்திரி ஆக்குனது?"

"வராதத வராதுன்னு சொன்னதுக்குத்தான் என்ன மேஸ்திரி ஆக்குனாக."

"வேலை போயிரும், பாத்துக்க."

எனக்கு அந்தக் கூலியை விட்டால் வேறு வழி இல்லை. அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் வாசலை விட்டு நகர்ந்து நின்றேன். "போனாப் போகட்டும். அஞ்சாவது ஆளு எங்கன உக்காரணும்னு நீங்களே காட்டிட்டுப் போங்க."

அவர் எட்டிப் பார்த்தார். தீப்பிடித்தால் வெளியே ஓட எதிரும் புதிருமாக இரண்டு வாசல். நடுவில் நாலு பேர், மருந்துத் தட்டுகளோடு. இன்னொருத்தியை உட்கார வைக்க ஒரு வாசலை அடைத்தால்தான் உண்டு. நாலு பேரும் கையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"வேணும்னா வாசல்ல நீங்க உக்காந்து பாருங்கய்யா," என்றாள் ராசாத்தி.

அவர் உட்காரவில்லை. அந்தப் பெண்ணைப் பேக்கிங் கொட்டகைக்கு அனுப்பிவிட்டுப் போனார். லோடு பிந்தித்தான் போனது.

மறுநாள் வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல்தான் போனேன். அறைச் சாவி எப்போதும் போல ஆபீஸ் ஆணியில் தொங்கியது. யாரையும் கேட்காமல் எடுத்துத் திறந்தேன்.

பரீட்சைக்குப் படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். விடை வரவில்லை என்றால் உடனே உங்கள் புத்தியைச் சந்தேகப்படாதீர்கள். கேட்டவர் கொடுத்த இடத்தை எண்ணிப் பாருங்கள். இடம் இல்லை என்றால், இல்லை என்று நிமிர்ந்து சொல்லுங்கள். நான் மேஸ்திரியாக இருந்த வரை அந்த அறையில் ஐந்தாவது ஆள் உட்காரவில்லை.