பெரியப்பாவுக்கு வைத்த மீசை

மீசை இல்லாத ஒரு மனிதர் போர்க்கப்பலுக்குத் தலைவராக இருக்கிறார் என்று சொன்னால் எங்கள் நாரணாபுரத்தில் யாரும் லேசில் நம்ப மாட்டார்கள். பட்டாளத்துக்குப் போன எங்கள் தெருக்காரர் இருவர் லீவில் முறுக்கு மீசையோடு வந்து இறங்கியதைப் பார்த்த ஊர் அது. அப்பாவின் அண்ணன், அதாவது எங்கள் பெரியப்பா, மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு வருவார். அவர் கேப்டன் என்று அப்பா பெருமையடித்தால், "கப்பல்ல சமையல் வேலையா பாக்குறாக?" என்று டீக்கடையில் விசாரிப்பார்கள்.

அப்பாவுக்குப் பொறுக்காது. அண்ணனின் கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பார். பட்டாசுக் கம்பெனியில் திரி வைத்துக்கொண்டே படித்தவர், பரீட்சை எழுதிக் கடற்படைக்குப் போனார். வெடிமருந்து வாடையே வேண்டாம் என்று ஓடியவரை அங்கே பீரங்கிப் பிரிவில் போட்டார்கள். லெப்டினன்ட், கமாண்டர் என்று ஒவ்வொரு பதவிக்கும் தோளில் எத்தனை தங்கப் பட்டை என்பது எங்கள் ஊரில் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். நாலு பட்டை வந்து, ஒரு கப்பலே பெரியப்பாவின் பொறுப்புக்கு வந்த வருடத்தில்தான் இந்தக் கூத்து நடந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆர்ட்டிஸ்ட். பட்டாசுப் பெட்டி லேபிளுக்குப் படம் வரைவார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் முகம் வரைய வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வருடம் கம்பி மத்தாப்புப் பெட்டிக்குப் புது லேபிள் கேட்டார்கள். அப்பா யாரிடமும் சொல்லாமல் பெரியப்பாவையே வரைந்துவிட்டார். வெள்ளைச் சீருடை, தோளில் நாலு பட்டை, பின்னால் கப்பல், வானம் முழுக்க மத்தாப்புப் பூ. ஊர் வாய்க்குப் பயந்து, கூடவே ஒரு பெரிய மீசை.

பட்டாசுக் கம்பெனி முதலாளிக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் உங்கள் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்று திருப்பிக் கொடுத்திருந்தார். அதுவரை அண்ணனிடம் எதையுமே கேட்டறியாதவர் அப்பா. தீபாவளிக்கு அண்ணன் முகம் தேசம் முழுக்கப் போக வேண்டும் என்று அவருக்கு அப்படியொரு ஆசை.

மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் பெரியப்பா இரண்டு நாள் லீவில் வந்தார். சாப்பாடு முடிந்ததும் அப்பா படத்தைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்துவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பெரியப்பா பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஏலே, யூனிபாரத்தோட ஏம் மூஞ்சிய விக்கிற சாமான்ல போட்டா என் வேலைக்கே வம்பு வந்துரும்லே. அதுலயும் இம்புட்டுப் பெரிய மீச. எங்க நேவில மீச வச்சா தாடியும் சேத்து வைக்கணும். மீசய மட்டும் வச்சுட்டுப் போனா கேட்லயே நிறுத்திப்புடுவாக."

"சரிண்ணே, விட்டுருங்க" என்றார் அப்பா. அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

படத்தை எடுக்க அப்பா குனிந்தார். பெரியப்பா கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. அம்மா என்னைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினாள். செம்போடு திரும்பியபோது அண்ணன் தம்பி இருவர் கண்களும் சிவந்திருந்தன.

"இத நான் கப்பலுக்குக் கொண்டுபோறேன். ஏங் கேபின்ல மாட்டணும்" என்றார் பெரியப்பா.

எனக்குப் பயம் வந்துவிட்டது. மீசையோடு போனால் கேட்டில் நிறுத்துவார்கள் என்று இப்போதுதானே சொன்னார்? பெரியவர்களுக்கு இவ்வளவு மறதியா?

மறுநாள் மதியம் எல்லோரும் கண்ணயர்ந்திருந்தார்கள். ஈரத் தூரிகையால் தொட்டாலே கரைகிற வண்ணம்தான் அது. மீசையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்தேன். அப்பாவுக்குக் கிண்ணம் கழுவிக் கொடுப்பவள் என்பதால் தோல் நிறம் கலக்கவும் தெரியும். மேலுதடு சற்று வீங்கினாற்போல வந்தது. மற்றபடி எனக்குத் திருப்தி.

சாயங்காலம் பெட்டி கட்டும்போது அப்பாதான் முதலில் பார்த்தார். என்மேல் அவர் கை ஓங்கியது அன்று ஒருநாள்தான். பெரியப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்ல நிறுத்திருவாகன்னு நீங்கதான சொன்னீக பெரியப்பா" என்று தேம்பினேன்.

பெரியப்பா தரையில் உட்கார்ந்து என்னை மடியில் இழுத்துக்கொண்டார். "இனி யாரும் நிறுத்த மாட்டாக தாயி" என்றார். "விடுலே, பிள்ள நமக்காகத்தான செஞ்சிருக்கா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, படத்தைத் தன் வேட்டியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா விஷயத்தைச் சொன்னாள். தாத்தா பட்டாசு ஆலைத் தீயில் போனவர். அப்போது பெரியப்பாவுக்குப் பதின்மூன்று வயது, அப்பாவுக்கு நாலு. தாத்தாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அப்பாவுக்குத் தகப்பன் முகம் நினைவில்லை. அண்ணன் முகத்தில் அவர் சும்மா வைத்த மீசை, தாத்தாவை அப்படியே கொண்டுவந்துவிட்டது. நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில்தான் பெரியப்பா, "நல்லாப் பாத்துக்கோலே, இதுதான் நம்ம அய்யா" என்று தம்பிக்குக் காட்டியிருக்கிறார். நினைவு தெரிந்து அப்பா தன் தகப்பனைப் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அதன்பின் எத்தனையோ தடவை வரைந்தார். பெரியப்பா ரியர் அட்மிரலாகி ஓய்வு பெற்று வந்த பிறகும் வரைந்து காட்டினார். ஒவ்வொன்றையும் அவர் நல்லாருக்குலே என்பார். இதுதான் என்று ஒன்றையும் சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்கு இதொன்றும் தெரியாது. இரண்டு வாரத்தில் என் பெயருக்கே பெரியப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. கேட்டில் யாரும் நிறுத்தவில்லை, உன்னால்தான் தப்பித்தேன் என்று எழுதியிருந்தார். தெரு முழுக்கக் காட்டிவிட்டு, அப்பா வேலை முடிந்து வந்ததும் அவருக்குச் சத்தமாக வாசித்தேன். எப்போதும் பெரியப்பா கடிதம் வந்தால் இரண்டு தடவை வாசிக்கச் சொல்பவர், அன்று ஒரு தடவையோடு போதும் என்றுவிட்டார். என்மேல் அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.