பூவத்தில் பார்த்த புல்டோசர்

சுனாமிக்கு மறு வருஷம், கடலோர வயல்களில் ஏறிக் கிடந்த மணலைத் தள்ளும் வேலை நிறைய வந்தது. நான் நெரவியில் டிராக்டரின் பின்னால் பலகை மாட்டி வயல் சமப்படுத்திப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அந்த மணலுக்கு அது போதவில்லை. டிராக்டரைக் கொடுத்துவிட்டு, பழைய புல்டோசர் ஒன்று வாங்கலாம் என்று துணிந்தேன். தப்பான வண்டியாக அமைந்துவிட்டால் இரண்டும் இல்லாமல் போகும் என்ற பயமும் இருந்தது.

பூவத்தில் ஒரு விவசாயி விற்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை போனேன். ஒன்பதரை இருக்கும். நான் போகும்போதே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

“வாங்க தம்பி. ஒம்பதுக்கு ராகு காலம் வந்துரும்ல, அதான் முன்னாடியே எடுத்து ஓடவிட்டுட்டேன்” என்றார் அவர்.

சுற்றிவந்து பார்த்தேன். சங்கிலியை இழுக்கும் சக்கரத்தின் பற்கள் கூராகத் தேயவில்லை. மண் தள்ளும் முன்பலகையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன், இறங்காமல் நின்றது. ஆனால் சூடான இன்ஜின் யார் சாவியைத் திருப்பினாலும் எடுக்கும். ஆறின பிறகு எடுக்கிறதா என்பதுதான் கேள்வி. அணைக்கச் சொன்னால் அவரைச் சந்தேகப்படுவதாகிவிடும். முகத்துக்கு நேரே அப்படிக் கேட்க எனக்கு வராது.

“ராகு காலத்துல ஏறி உக்கார வேணாம்னு பாக்குறேன் அண்ணே. அணைச்சிருங்க. முடிஞ்சதும் நானே எடுக்குறேன்” என்றேன்.

அவரே சொன்ன ராகு காலம், மறுக்க முடியவில்லை. அணைத்தார்.

வேப்பமர நிழலில் உட்கார்ந்து உளுந்து விதைப்பைப் பற்றிப் பேசினோம். பத்தரைக்கு ராகு காலம் முடிந்தும், இன்ஜின் நன்றாக ஆறட்டும் என்று நான் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு மணி வாக்கில் “இன்னும் நல்ல நேரம் வரலியா?” என்று அவரே கேட்டார். ஏறிச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. நாலைந்து தரம் முயன்றும் வெள்ளைப் புகைதான் வந்தது.

அவர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். “காலைல எண்ணெய்த் துணியக் கொளுத்தி, காத்து இழுக்குற குழாய்கிட்ட காட்டித்தான் எடுத்தேன். சொல்லிரணும்னுதான் நெனச்சேன்.”

“பரவால்ல அண்ணே.”

“ராகு காலத்த நல்லாத்தான் சாக்கு வச்சீங்க.”

“நீங்களும்தானே வச்சீங்க” என்று சொல்லிவிட்டு, சொன்னதற்குக் கூச்சப்பட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

வண்டி வேண்டாம் என்று சொல்லத் தயங்கி நின்றேன். அவரே புரிந்துகொண்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உள்ளே அழைத்துப்போனார். இலையில் சோறு விழுந்தபோது, டிராக்டர் தப்பித்தது என்று உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை அவர் எதிரில் காட்ட வெட்கமாகவும் இருந்தது.

“அடுத்து வர்றவங்ககிட்ட என்ன சொல்றது தம்பி?”

“ஆறினா எடுக்காதுன்னு சொல்லிருங்க.”

“சொன்னா யாரு வாங்குவா?”

அவர் இன்னொரு கரண்டி ரசம் ஊற்ற வந்தார். போதும் என்று சொல்லாமல் ஊற்றிக்கொண்டேன்.