சேறு தள்ளிய டிராக்டர்

கிள்ளானில் எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, தாழ்வான இடம். வெள்ளம் வந்து வடிந்தால் தெருவில் கணுக்காலுக்கு மேல் சேறு நிற்கும். அதைத் தள்ளுவதற்கென்றே புல்வெட்டும் பழைய சிறு டிராக்டர் ஒன்றை வைத்திருந்தேன். முன்னால் ஓர் இரும்புத் தகட்டைப் பொருத்தியிருந்தேன். மாதம் ஒருமுறை கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவுவேன். பெல்ட்டுக்குப் பூச்சோங் வரை போய் அலைவேன்.

போன ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு நாள் தெரு முழுக்கச் சேறு தள்ளினேன். பக்கத்து வீட்டுக்காரரின் தாயார் படுக்கையில் கிடந்ததால் அவர் வாசலை முதலில் முடித்தேன். என் வீட்டுக்கு வந்தபோது பெல்ட் அறுந்துவிட்டது. நானும் மனைவியும் மண்வெட்டியால் அள்ளினோம். உதவிக்கு ஒருவரும் வரவில்லை.

அடுத்த மாதம் நகராண்மைக் கழக அதிகாரி ஒருவர் புகார்க் கடிதத்தோடு வந்தார். டிராக்டரை அகற்ற வேண்டுமாம். முதல் கையெழுத்து பக்கத்து வீட்டுக்காரருடையது. அவரிடமே போய்க் கேட்டேன்.

“கோவிச்சுக்காதீங்க அண்ணே. வாசல்ல துருப்பிடிச்ச இரும்பு நின்னா வீட்டு வெல எறங்கிடும் லா.”

பழைய இரும்பு வாங்குபவரின் லோரியில் நானே அதை ஏற்றிவிட்டேன்.

இந்த ஆண்டும் வெள்ளம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து, “அண்ணே, வேற மெஷின் ஏதும் இருக்கா?” என்றார்.

“இல்ல,” என்றேன்.

அவர் குனிந்து குனிந்து சேறு அள்ளுவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். திருப்தியாகத்தான் இருந்தது. அதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.