தரையில் கால் படாமல்

ஒரு புதிர் போடுகிறேன். பிறந்தபோது இது நமக்குத் தெரியாது. ஒரு வயது வாக்கில், பலமுறை பொத்தென்று விழுந்து, யாரும் சொல்லித் தராமல் நாமே கற்றுக்கொள்கிறோம். வயதான பிறகு, யாரும் மறக்கச் சொல்லாமல் நாமே மறந்துவிடுகிறோம். அது என்ன?

சிலர் பேச்சு என்பார்கள், சிலர் நடை என்பார்கள். இரண்டும் இல்லை. தரையில் உட்கார்ந்தவர் எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்பதுதான் அது. சந்தேகம் இருந்தால், பக்கத்தில் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்து ஒருமுறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். எழும்போது “அம்மாடி” என்று வாயில் வந்தால் நீங்களும் நம்ம கட்சி. என் முழங்காலும் இப்போதெல்லாம் சத்தம் போடுகிறது.

நான் பிசியோதெரபிஸ்ட். ராஜபாளையத்தில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். மதியத்துக்கு மேல் ஸ்கூட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வீடு வீடாகப் போய் வருவேன். என் தொழிலின் பெயர் யார் வாயிலும் நுழையாததால் இந்தப் பக்கம் எனக்கு ‘கரண்ட் வைக்கிற அம்மா’ என்று பெயர். எங்களிடம் மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. மனிதர்களைக் கெஞ்சி எழுந்து நிற்க வைப்பதுதான் முழு வேலையும்.

மெஷின் எதற்கு?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற மாஸ்டர் ஒருவர் முழங்கால் வலி என்று வந்தார். நாள் முழுக்க அடுப்பு முன்னால் ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்கிறவர். கரண்ட் வைக்கிற மெஷினின் பட்டைகளை முழங்காலில் ஒட்டி சுவிட்சைப் போட்டால் எறும்பு ஊர்வது போல இருக்கும், வலி கொஞ்ச நேரம் மறக்கும். அது செய்வது அவ்வளவுதான். மாஸ்டர் அந்த எறும்பு ஊர்வதைக் கண்ணை மூடி அனுபவித்துக்கொண்டிருந்தார்.

கால் பலப்பட வேண்டுமானால் அவரேதான் வேலை செய்ய வேண்டும் என்று சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழ வேண்டும். பால் காய்கிற நேரத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். சாப்பிட்டதும் படுக்காமல் தேரடி வரைக்கும் ஒரு நடை போய்வர வேண்டும். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார்.

“எந்திரிக்கதும் நானு, உக்காருததும் நானுன்னா, பொறவு ஒங்க மெஷினு எதுக்கும்மா?”

பட்டாளத்தார்

செட்டியார்பட்டியில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் இருந்தார். ஊரில் அவருக்குப் பட்டாளத்தார் என்று பெயர். எழுபதை நெருங்கிய வயதிலும் தோட்டத்துக்கு நடந்தே போய் வந்தவர். அய்யனார் கோவில் ஓடையில் பாறை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்து, எழுப்பி நடக்க வையுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

அவருடைய மகன் போலீசில் இருக்கிறார். நான் அவரிடம் எதையும் மறைக்கவில்லை. எலும்பு தானாகக் கூடிவிடும். ஆனால் படுத்தே கிடந்தால் தொடைச் சதை கரையும், முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், ஆளைக் கொண்டுபோவது அந்தச் சளிதான் என்றேன். மகன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அந்த நேரம் பட்டாளத்தார் பாத்ரூம் போக வேண்டும் என்றார். மகன் குனிந்து, அந்த ஆறடி மனிதரைக் குழந்தையைத் தூக்குவது போலக் கைகளில் ஏந்திக்கொண்டு போனார். வாசலில் நின்ற அக்கம்பக்கத்தார் அதைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். திரும்பி வந்தபோது மகனுக்கு மூச்சு வாங்கியது. முகத்தில் அத்தனை பெருமை.

“எங்கப்பா காலு தரையில படாமப் பாத்துக்கிடுதேன் மேடம். ஊருக்குள்ள யார்ட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.”

ஒற்றைக்கால் தவம்

ராஜபாளையத்தில் நூற்பாலைக்கு வேலைக்குப் போகிற பெண் ஒருத்திக்குக் கணுக்கால் அடிக்கடி பிசகும். காலையில் பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில், பாதி நேரம் இந்தக் கால், பாதி நேரம் அந்தக் கால் என்று சொல்லி அனுப்பினேன். பல் எப்படியும் தேய்க்கத்தான் போகிறோம். தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். ஒரு கை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

அவள் வீட்டில் குழாய் தெருவைப் பார்த்த முற்றத்தில் இருந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில், வாயில் நுரையோடு, கண்ணை எங்கோ நிறுத்தி ஒற்றைக்காலில் நிற்கிற மருமகளை மாமியார் சில நாள் பார்த்தாராம். பிறகு பக்கத்தில் வந்து சொன்னாராம்.

“ஏட்டி, தவம் நிக்கதுதான் நிக்க, எம்மவனுக்கும் சேத்து ஏதாச்சும் கேளு.”

கூப்பிட்டால் வருவேன்

இந்தக் கதையைப் பட்டாளத்தாரிடம் சொன்னேன். படுத்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தி, மகன் டூட்டிக்குப் போன பிறகு வரச் சொன்னார். நின்று பார்க்கலாம் என்றார்.

அடுத்த நாளிலிருந்து ரகசிய பரேட் தொடங்கியது. அவர் மனைவி வாசல் கேட் அருகில் காவல் நின்றார். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பட்டாளத்தார் எழுந்து நிற்பார். தொடை வெடவெடவென்று ஆடும். வேர்வை மூக்கு நுனியில் நிற்கும். உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் எழுவார். வாரக் கடைசியில் கம்பியை ஒரு கையால் மட்டும் பிடித்து நின்றார். பேத்தி தர்ஷினி இரண்டாம் வகுப்பு. பொரி வைத்த தட்டோடு தரையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், தட்டு காலியானதும் அதை இரண்டு கையிலும் பிடித்தபடியே எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஒரு கையும் தரையில் படவில்லை. பட்டாளத்தார் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ எந்திரிக்க மாதிரி ஒரே ஒரு தடவ எந்திரிச்சிட்டாப் போதும் டாக்டரம்மா. பொறவு எமன் கூப்பிட்டாக்கூட நடந்தே வாரேன்.”

மானம்

ஒரு நாள் மகன் சீருடையோடு டூட்டியின் பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். கேட் அருகில் நின்ற அம்மா எங்களுக்குக் குரல் கொடுப்பதற்குள் உள்ளே நுழைந்துவிட்டார். கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்ததும் ஓடிவந்து அள்ளிக் கட்டிலில் கிடத்தினார். அவர் கத்தவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மரியாதையாகவே பேசினார். வலி எடுத்தால் கரண்ட் மட்டும் வைத்தால் போதும், மற்றது வேண்டாம் என்றார். நான் சளியைப் பற்றி மறுபடியும் சொன்னேன். நிற்கிறவர் விழுந்தால் பிடிக்க நான் இருக்கிறேன், படுத்தவரைப் பிடிக்க யாராலும் முடியாது என்றும் சொன்னேன். பட்டாளத்தார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆயுள் முழுக்க உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர், மகனின் உத்தரவுக்கும் கட்டுப்பட்டுவிட்டார். நான் கிளம்பும்போது மகன் சொன்னார்.

“விழுந்தா ஒங்களுக்கு ஒரு பேஷன்ட்டுதான் மேடம். எனக்கு மானம்லா போகும்.”

பட்டன் கட்டில்

கொஞ்ச நாளில் வலி என்று கூப்பிட்டார்கள். போனால் ஹாலில் புதுக் கட்டில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் இருப்பது போல, கரண்டில் ஓடுவது. ஒரு பட்டனை அமுக்கினால் முதுகுப் பக்கம் தூக்கும், இன்னொன்றை அமுக்கினால் கால் பக்கம் தூக்கும். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. தர்ஷினிக்கு முதல் இரண்டு நாள் விளையாட்டாக இருந்ததாம். பிறகு ரிமோட்டைத் தொடுவதை விட்டுவிட்டாள்.

பட்டாளத்தாரின் தொடையைத் தொட்டுப் பார்த்தேன். தளர்ந்த துணி மாதிரி இருந்தது. இருமினால் நெஞ்சுக்குள் கரகரவென்றது. இப்போதாவது காலைக் கீழே தொங்கப்போட்டு உட்கார வையுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நெஞ்சைக் காட்டுங்கள் என்று வீட்டாரிடம் சொன்னேன். காட்டுவோம் என்றார்கள். பார்க்க வந்திருந்த எதிர்வீட்டுக்காரர் பட்டனை ஒருமுறை அமுக்கிப் பட்டாளத்தாரை உட்கார வைத்தார், மறுபடியும் அமுக்கிப் படுக்க வைத்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“குடுத்து வச்ச மனுசன். இனிமே எந்திரிக்கவே வேண்டாம்.”

கட்டிலும் பாயும்

மழைக்காலம் தொடங்கியபோது பட்டாளத்தார் இறந்துபோனார். சளிதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்திருந்தது. காரியம் முடிந்த பிறகு துக்கம் கேட்கப் போனேன். மொட்டைத் தலையோடு மகன் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். முடியவில்லை. கையை ஊன்றி, கதவைப் பிடித்துத்தான் எழுந்தார். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஓடையில விழுந்ததுக்குப் பொறவு அவியள ஒரு தடவகூட விழ விடலையே மேடம். அம்புட்டுப் பாத்தும் போயிட்டாகளே.”

அவர் சொன்னது உண்மைதான், பட்டாளத்தார் அதற்குப் பிறகு விழவே இல்லை.

அப்பா படுத்த கட்டிலை வெளியே கொடுக்க மகனுக்கு மனமில்லை. தர்ஷினி படுத்துக்கொள்ளட்டும், பட்டனை அமுக்கினால் காலையில் அதுவே எழுப்பிவிடும் என்றார் ஓர் அத்தை. மெத்தைக்குப் புது விரிப்பும் போட்டிருந்தார்கள். சுவரோரம் பாய் சுருட்டி வைத்திருந்தது. உனக்கு எது வேண்டும், கட்டிலா பாயா என்று எல்லார் முன்னாலும் தர்ஷினியிடம் கேட்டார்கள்.

பாய் என்றாள்.