பாலன் இயேசுவின் இடக்கை

என் மனைவி இடக்கைக்காரி. மன்னாரில் சின்ன வயதில் அதற்காக அவள் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. ஸ்காபரோவில் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே, அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று தொங்குகிறது. மாதாவின் மடியில் பாலன் இயேசு. ஆசீர்வதிக்க உயர்த்தியிருப்பது இடக்கை.

அவள் பரிமாறும்போது யாராவது முகம் சுளித்தால் போதும், அகப்பையால் படத்தைக் காட்டுவாள்.

"ஆண்டவரே இடக்கையாலைதான் ஆசீர்வதிக்கிறார். உங்களுக்கென்ன?"

நான் சும்மா இருப்பேனா?

"உது ஆரோ கொப்பியடிச்சவன் விட்ட பிழையப்பா."

"உங்களுக்கு வேற வேலை இல்லை" என்று இடக்கையாலேயே எனக்குச் சோறு போடுவாள். கலியாணம் கட்டிய நாள் முதல் இதே சண்டைதான். ஒருநாளும் நான் வென்றதில்லை.

அவள் கண்மூடிய பிறகு வந்த முதல் வின்ரர் குளிரில் பிக்கரிங்கிலிருந்து மகள் போன் எடுத்தாள்.

"அப்பா, அம்மான்ரை படம் மாதிரியே டவுண்டவுனிலை ஒரு ஓவியக் கலரியிலை வைச்சிருக்கினம். பழைய டச்சு ஆக்கள் செய்ததாம்."

கூட வருவதாகத்தான் சொன்னாள். அன்றைக்கென்று அவளின் பிள்ளைக்குக் காய்ச்சல். நான் தனியே பஸ்ஸில் ஏறி, சப்வே மாறிப் போனேன். வழி முழுக்க ஒரே மன்றாட்டு: ஆண்டவரே, மூலப்படத்திலும் இடக்கையாக இருக்கட்டும். மனைவி போனபின் நான் அவள் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

சுவரில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று எங்கள் வீட்டுப் படமேதான். மற்றதில் வலக்கை. எது முதலில் வந்தது என்று அங்கே வேலைசெய்த பெட்டையிடம் கேட்டேன். அவள் வலக்கைப் படத்தைக் காட்டினாள். அதைப் பார்த்து, பின்னால் வந்த ஒருவர் செப்புத் தகட்டில் அப்படியே கீறினாராம். தகட்டிலிருந்து கடதாசியில் அச்சடிக்கும்போது இடம் வலம் மாறித்தானே வரும். மனிசன் அதைத் திருத்த மினக்கெடவில்லை.

நாசமாய்ப் போவான் என்று வாய்வரை வந்தது. பிறகு யோசித்தேன். அவன் மினக்கெட்டிருந்தால், மன்னாரில் அடிவாங்கிய அந்தப் பிள்ளைக்கு ஆர் துணை?

வீட்டுக்கு வந்து, ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் படத்துக்கு முன்னால் இருந்தேன்.

"இஞ்சரும், நான் சொன்னதுதானப்பா சரி. கொப்பியடிச்சவன்ரை பிழைதான்."

சத்தமாகவே சொன்னேன். வாழ்நாளில் நான் வென்ற ஒரே சண்டை. குசினியில் அவள் அடுப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். எனக்கு வேறு வேலை இல்லை என்று சொல்ல அங்கே ஆளில்லை.