காவிரிப் பாலத்தில் வீசிய டப்பா

அக்காவின் நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வரி. அக்காவின் மலப் பரிசோதனை டப்பாவைக் காவிரிப் பாலத்திலிருந்து ஆற்றில் வீசிய மடையன் நான்தான். இந்த மலரைச் சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள் மன்னிக்கவும்.

அக்கா லால்குடியில் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டதால், புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார். படித்து நான் என்ன கிழித்தேன் என்பதுதான் மேலே இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டு, அத்தானைப் பறிகொடுத்து, ஒரே மகளை ஆளாக்கிய பிறகும் வேலையை விடவில்லை.

எத்தனையோ பேருடைய கழிவை அள்ளியவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. வீட்டின் முகச்சுளிப்பு மொத்தமும் என் பங்குக்கு வந்துவிட்டது. கைக்குழந்தை கக்கினாலே எனக்கு இரண்டு வேளை சோறு இறங்காது.

தெருப் பெண்கள் பரிசோதனைச் சீட்டை டாக்டரிடம் வாங்கி, விளக்கத்தை அக்காவிடம் கேட்பார்கள். “வெறும் வயிறுன்னா காபியும் கூடாதுடி.” “ரத்தம் போனா மூலம்னு நீயே முடிவு பண்ணாதே. எங்கேருந்து போகுதுன்னு பார்க்கணும்.”

அப்படிப்பட்டவருக்கே உடம்பு வெளுத்து, மூச்சு வாங்கியது. கண்ணுக்குத் தெரியாமல் குடலில் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க டாக்டர் எழுதிக் கொடுத்தார். அக்கா டப்பாவை நீட்டினார்.

“சுண்டைக்காய் அளவுதான்டா. தண்ணி, மூத்திரம் எதுவும் படாம எடுத்திருக்கேன். தில்லை நகர் லேப்ல இப்பவே குடுத்துடு.”

மூன்று பை போட்டுக் கட்டி வண்டியில் மாட்டினேன். பாலம் ஏறியதும் வெயிலில் நாற்றம் வருவதாகத் தோன்றியது. டப்பா இறுக மூடித்தான் இருந்தது, நாறியது என் புத்தி. குமட்டியது. வண்டியை நிறுத்தி வீசினேன். வீட்டில், “லேப்காரங்க தொலைச்சுட்டாங்கக்கா” என்று கூசாமல் சொன்னேன்.

மறுபடி கொடுக்கலாம் என்றிருந்தார். மகளுக்குப் பிரசவம் வந்தது. தள்ளிப்போனது. பேரனைக் குளிப்பாட்டும்போது அக்கா மயங்கி விழுந்த பிறகுதான் குடலில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புற்றுக்கட்டி; ஸ்கேனில் பார்த்தால் ஈரல்வரை பரவியிருந்தது. “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா...” என்ற டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆபரேஷன் செய்து வயிற்றில் பை வைத்தார்கள். மலம் அதில்தான் இறங்கும். அதை நான்தான் கழற்றினேன், கழுவினேன். முதல் நாள் வாந்தி எடுத்தேன். மூன்றாம் நாள் கை பழகிவிட்டது. அப்போதுதான் என்மீதே எனக்கு உண்மையான அருவருப்பு வந்தது. இவ்வளவுதானே! இதற்கா அந்த டப்பாவை வீசினேன்?

ஒரு மத்தியானம் பையை மாற்றிக்கொண்டே உண்மையைச் சொன்னேன். அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“காவேரியிலயா போட்டே? அடப்பாவி, கீழே ஆளுங்க குளிப்பாங்களேடா!”

தன்னைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. பத்து நாளில் போய்விட்டார்.

பை மாற்றக் கற்றுத்தந்த செவிலியர், ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகள், சமைத்து அனுப்பிய எதிர்வீட்டு அம்மா, எல்லோருக்கும் கைகூப்புகிறேன். உங்கள் வீட்டில் யாராவது டப்பாவை நீட்டினால், தயவுசெய்து லேப்வரை போங்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் அக்கா மகளிடம் இதைப் படித்துக் காட்டினேன். டப்பாவை நான் வீசியது அவளுக்கு அப்போதுதான் தெரியும். கீழே என் பெயரைப் போட்டிருக்கவில்லை. கடைசிவரை கேட்டாள்.

“டப்பா சமாச்சாரத்தை எடுத்துடட்டுமாம்மா?”

“வேணாம் மாமா, கீழே உங்க பேரைப் போடுங்க.”