டேனியல் ஏறிய தராசு

நேற்று வெள்ளிமலை அங்கன்வாடியில் என் மகளை எடை பார்த்தார்கள். உத்தரத்தில் தொங்கும் வட்டத் தராசில் துணித்தொட்டிலை மாட்டி, பத்து மாதக் குழந்தையை அதில் உட்கார வைத்தார் டீச்சர். முள் ஆடி நின்றது. ஆறு கிலோ அறுநூறு. டீச்சர் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏழுன்னு போட்டுடட்டா அக்கா? கம்மியா இருந்தா கீழ ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். பச்சப்புள்ளய தூக்கிக்கினு அம்மாந்தூரம் பஸ்ல போவணும் நீங்க."

அன்பாகத்தான் கேட்டார். என் கண் சுவர்ப் பக்கம் போனது. அங்கே சத்துமாவு மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். சாக்கு வாசனை வந்தால் எனக்குக் குத்துச்சண்டை ஞாபகம் வந்துவிடும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்பா கள்ளக்குறிச்சியில் ஒரு மக்காச்சோள மண்டியில் எடை போடுபவர். அதற்கு முன் பட்டாளத்தில் குத்துச்சண்டைக்காரர். லைட் ஹெவிவெயிட். எழுபத்தைந்து கிலோவுக்கு மேல், எண்பத்தொன்றுக்குள் இருப்பவர்களின் பிரிவு. "கீழ இருக்கறவன் ஓடுவான், மேல இருக்கறவன் மலயாட்டம் நிப்பான். ரெண்டும் தெரிஞ்சவன்தான் நம்மாளு" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டி கிடையாது. நல்ல மத்தியானத்தில் உளுந்தூர்பேட்டையிலிருந்து காதர் பாய் வருவார். அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் அப்பாவுக்குத் தண்ணீரும் துண்டும் கொடுத்து மேடை மூலையில் நின்றவர். தகரக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் நடக்கவே முடியாத சண்டைகளை நடத்துவார்கள். ஒரு பக்கம் டேனியல். சுதந்திரம் வந்த புதிதில் மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கியபடியே குத்துச்சண்டை மேடையில் பெயர் வாங்கி, அப்பா பிறப்பதற்குள் செத்தும் போனவர். எதிரே சுபேதார் குர்மீத். அப்பாவை இரண்டு முறை சாய்த்த சர்தார்.

"டேனியல் க்ளவுஸு இம்மாத்தூண்டு, பாய். உள்ள பஞ்சே கெடையாது. ஒண்ணு வாங்கனா சர்தாரு தாட தனியா வந்துடும்."

"வாங்கனாதான? சர்தாரு கை நீளத்துக்கு ஒங்காளு கிட்டயே வர முடியாது."

"லாரி ஓட்டறவனுக்கு இன்னா தெரியும்?"

"இன்னாபா ஏழுமல, நீ வுழுந்து கெடந்தப்ப மூஞ்சில தண்ணி ஊத்தினவன் நானு. ரெண்டு வாட்டி!"

யார் காலத்து க்ளவுஸ், யார் காலத்து ரெஃப்ரி என்று எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள். ஒரே ஒரு விதியில் மட்டும் தகராறு இல்லை. சண்டைக்கு முன்னால் எடை பார்த்தாக வேண்டும். ஆள்தான் இல்லையே? சாக்கில் சோளத்தை அள்ளிப்போட்டு இரும்பு மேடைத் தராசில் ஏற்றுவார்கள். டேனியல் எழுபத்தெட்டு. குர்மீத் எண்பது. அந்த மூட்டைகள்தான் அவர்கள். எதிரெதிர் மூலையில் நிற்பார்கள். ரவுண்டுக்கு ரவுண்டு காதர் பாய் மூட்டைக்குத் துண்டால் விசிறிவிடுவார்.

தராசுக் கம்பியில் எடைக்குண்டை நகர்த்தி, கம்பி கிடையாக மிதக்கும் இடத்து எண்ணைப் படிப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்பில் கணக்கில் நான்தான் முதல். அந்தப் பெருமை வேறு. "பாப்பா பொய் சொல்லாது" என்பதிலும் இருவருக்கும் தகராறு இல்லை.

ஒரு ஞாயிறு காதர் பாய் சீண்டினார். "எத்தினி நாளிக்கு அடுத்தவன மோத வுட்டுக்கினு இருப்ப? நீயே டேனியலோட ஏறேன்."

அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினார். குண்டை எழுபத்தைந்தில் வைத்தேன். கம்பி எழவில்லை. பின்னால் தள்ளிக்கொண்டே வந்தேன். அறுபத்தெட்டில் மிதந்தது. அப்பா மோவாயைத் தூக்கி, எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது.

"எழுபத்தெட்டு" என்றேன். டேனியலின் எடையையே கொடுத்துவிட்டேன், சண்டை சமமாக இருக்கட்டுமென்று. அவர் இறங்குவதற்குள் குண்டையும் அங்கே தள்ளினேன்.

பிறகு எல்லா ஞாயிறும் எழுபத்தெட்டுதான். உள்ளபடி அறுபத்தைந்து, அறுபத்துமூன்று. இருமலைக் கேட்டு அம்மா ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தால், "பாப்பா பாத்துச்சுல்ல? ஒடம்பு கல்லு" என்பார் அப்பா. நான் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

அப்படி இன்னொரு ஞாயிறு. அப்பா இறங்கிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். குண்டு எழுபத்தெட்டில் இருந்தது. தட்டில் யாருமில்லை. ஆளில்லாவிட்டால் கீழே கிடக்க வேண்டிய கம்பி மெல்ல எழுந்தது. ஆள் நின்று மூச்சு விடும்போது நடுங்குமே, அப்படி நடுங்கிக்கொண்டு கிடையாக மிதந்தது. மூலையில் டேனியல் மூட்டை வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. காதர் பாய் எழுந்து வந்து தட்டுக்கு மேலே வெறுங்காற்றில் கையை வீசிப் பார்த்தார்.

"இன்னாபா இது?"

"வந்துட்டாரு" என்றார் அப்பா. சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் மடக்கி முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டார்.

கம்பி டக்கென்று விழுந்தது. அடியில் எலி புகுந்திருக்கும், சோளம் சிக்கியிருக்கும் என்றார் காதர் பாய். இருக்கலாம். சிக்கிய சோளம் மூச்சு விடுமா என்று மட்டும் எனக்கு இன்றும் தெரியவில்லை. அதன்பிறகு அவர் மூட்டைக்கு விசிறியதில்லை.

அப்பா ரத்தமாகத் துப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஐம்பத்தெட்டு. "முன்னாடியே கூட்டியாரக் கூடாதாம்மா?" என்றார் நர்ஸ். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அப்பா முந்திக்கொண்டார்.

"மண்டித் தராசு கோளாறு. பாப்பா இன்னா பண்ணும்?"

தராசில் ஒரு கோளாறும் இல்லை. ஒரு கையால் மூட்டையை அசைத்துப் பார்த்தே அரைக் கிலோ பிசகாமல் எடை சொல்கிறவர் அவர். தன் எடை தெரியாமலா ஏறினார்? தெரிந்தும் என் வாயால் எழுபத்தெட்டு என்று கேட்க ஏறினாரா? அவரிடமே கேட்டிருக்கலாம். அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

"அக்கா?" என்றார் டீச்சர்.

"இருக்கறதயே எழுதுங்க."

எழுதினார். குழந்தையைத் தூக்கிய பிறகும் முள் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை நின்று பார்த்தேன். டீச்சர் என்ன நினைத்தாரோ.

இன்று காலை முதல் பஸ்ஸில் மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். டாக்டர் குழந்தையின் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்லவேள, இப்பவே கொண்டாந்தீங்க" என்றார். மருந்துச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தும் மண்டிப் பக்கம் நடந்தேன். தகரக் கதவு போய் ஷட்டர் வந்திருக்கிறது. காதர் பாய் இறந்து இரண்டு வருடமாகிறது. மேடைத் தராசு இருந்த இடத்தில் எலக்ட்ரானிக் தராசு. தட்டில் யாருமில்லை. சிவப்பு எழுத்தில் பூஜ்ஜியம் எரிந்துகொண்டிருந்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்ப வேண்டிய பஸ் போகும்வரை அதையே பார்த்திருந்தேன். அது மாறவே இல்லை.